விசில் ஊதாத கண்டக்டரும் கொல்லாத மாத்திரையும்

கண்டக்டர் இசக்கிமுத்துவின் முன்பற்கள் ஆடின. மருந்துக் கடையில் நோயைவிட நோயாளியின் சொந்த யோசனைதான் பெரிய தொல்லை. என்னைப்போல் மருந்துக் கடை வைத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கொல்லாத மாத்திரை

என் கடை ஜங்ஷனில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே. இசக்கிமுத்துவுக்கு சீவலப்பேரி டவுன் பஸ். விசிலைப் பல்லில் கவ்விக்கொண்டே டிக்கெட் கொடுப்பார். இப்போது கவ்வினால் ரத்தம். பல் டாக்டர் ஈறைச் சுத்தம் செய்து, டாக்ஸிசைக்ளின் மாத்திரையை மிகக் குறைந்த அளவில், மாதக்கணக்கில் எழுதியிருந்தார். பல் இறுகாவிட்டால் பிடுங்க வேண்டியதுதான்.

இந்த அளவு கிருமியைக் கொல்லாது. ஈறு புண்ணானால் நம் உடம்பே ஒரு நொதியை அதிகம் சுரந்து பல்லைப் பிடித்திருக்கும் சதையை அரிக்கும், அந்த நொதியை இந்த மாத்திரை அடக்கும். கிருமியைக் கொல்லும் குணத்தையே எடுத்துவிட்டு, இந்தக் குணத்தை மட்டும் வைத்து மருந்தை மாற்றியும் ஆராய்கிறார்கள். இவ்வளவும் இசக்கிமுத்துவிடம் தொண்டை வறளச் சொன்னேன்.

"கிருமியும் சாவாது, மாசக்கணக்குல திங்கவும் செய்யணும். ஒங்க மருந்து சும்மா உக்காந்து சம்பளம் வாங்குதா அண்ணாச்சி?"

பெரிய டிக்கெட்

அடுத்த வாரம் வந்தார். கழுத்தும் வலது கையும் சிவந்து கன்றியிருந்தன. வேறெங்கோ போய் அதே மருந்தில் பெரிய அளவு மாத்திரை வாங்கி, காய்ச்சலுக்குத் தின்பதுபோல் தின்றுவிட்டுப் பாதியில் நிறுத்தியிருக்கிறார். அந்த மாத்திரை தின்றால் சிலருக்கு வெயில் ஆகாது. இவருக்கோ நாளெல்லாம் படிக்கட்டில் நிற்கும் வேலை.

"பக்கத்துல இருக்க பாளையங்கோட்டைக்குப் போறவன் நாகர்கோவில் டிக்கெட் எடுத்தா சீக்கிரம் போயிருவானா?" என்றேன். டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன். அவர் பழைய மாத்திரையையே மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்.

"பல்லுக்குத் தின்னேன், கழுத்துல்லா வெந்துட்டு."

தண்ணீர் பாட்டில்

விசில் இல்லாமல் இசக்கிமுத்து பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அது டிரைவர் சங்கரபாண்டிக்குப் பிடிக்கவில்லை. காலையும் மாலையும் மாத்திரை நேரத்தில் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். இவர் விழுங்குகிறவரை வண்டி நகராது. ஏறியவர்கள் கத்துவார்கள். சங்கரபாண்டி என் கடைப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"மாத்திரை உள்ள போனாத்தாம்லே கியர் விழும்."

டாக்டர் ஆட்டிப் பார்த்த அன்று

சில மாதம் கழித்து டாக்டர் பல்லை ஆட்டிப் பார்த்தார். பல் இறுகியிருந்தது. பிடுங்குவதாக இருந்த பேச்சு நின்றது. அன்று சாயங்காலம் எதிரே விசில் கேட்டது. கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கே மூச்சு லேசானது. இசக்கிமுத்து மறுபடி மறுபடி ஊதினார், டிரைவர் திரும்பினார்.

"காது கிழியுதுலே, பைய ஊது."

சீட்டு எழுதியது டாக்டர், விளக்கம் சொல்லித் தொண்டை கெட்டது நான், பல்லைக் காப்பாற்றியது கியரைத் தொடாமல் உட்கார்ந்திருந்த சங்கரபாண்டி.