சத்தம்தான் குறை

"டீசல் சிக்கனமுங்க, சத்தம்தான் குறை" என்று சொல்லித்தான் அந்தப் பழைய காரை விற்றார்கள். நேற்று சித்தூர் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வழியெல்லாம் அதன் தடதடப்பில் முதுகு கூசியது.

அப்பாவிடமும் இப்படியொரு டீசல் கார் இருந்தது. கள்ளுக்கடையிலிருந்து அவர் திரும்பினால் வாய்க்கால் திருப்பத்திலேயே கேட்டுவிடும்.

"வண்டி வந்துருச்சு, ஓடுங்க கண்ணு!"

எங்களைத் தோப்புக்குள் விரட்டிவிட்டு, ஆணியில் தொங்கும் மாட்டுச் சாட்டையை அம்மா வைக்கோலுக்குள் ஒளிப்பாள்.

பிறகு அப்பா சத்தமில்லாத பெட்ரோல் கார் வாங்கினார். அது வந்த அன்று சாட்டை ஆணியிலேயே இருந்தது. அம்மாவுக்கு ஒரு கண் போனது.

அப்பா செத்து வெகுகாலமாகிறது. நேற்று காரை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அம்மா பதறிப்போய் அந்த வெற்று ஆணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.