முன்சக்கரத்தில் வைத்த பொட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, வைகாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை. புளியங்குடியில் என் மகளுக்கு வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவளை அழைத்து வந்துகொண்டிருந்தோம். எல்லாரும் பெண்ணைக் காரில் கூட்டி வருவார்கள். நாங்கள் கூட்டி வந்தது ஒரு வீட்டில். சக்கரம் வைத்த வீடு.

அந்த வீட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மில்லில் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்றதும் பழைய சின்ன வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேஜை எல்லாம் தன் கையாலேயே பொருத்தினார். இந்தியா முழுவதும் சுற்றப்போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். சுற்றியது திருச்செந்தூரும் குற்றாலமும்தான். பிறகு எனக்கு முழங்கால் வலி வந்தது, வேன் எங்கள் வன்னியம்பட்டித் தோட்டத்துத் தகரக் கொட்டகைக்குப் போனது. அதில் கோழி முட்டையிட்டு நானே எடுத்திருக்கிறேன்.

மகளுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, அதிர்வு கூடாது, படுக்க வைத்து மெதுவாகக் கூட்டிப் போங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். காரில் படுக்க முடியாது. ஆம்புலன்ஸ் வைத்துக்கொள்ளலாமா என்று சம்பந்தி வீட்டில் கேட்டபோது நான்தான் துள்ளிக் குதித்தேன். கை நிறைய வளையல் போட்ட பிள்ளையை ஆம்புலன்ஸில் ஏற்றுவதா? அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு அவருடைய வேன் ஞாபகம் வந்தது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தே நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் இன்ஜினைப் பார்த்தார். பிரேக்கைப் பார்த்தார். டயர்களில் ரோட்டைப் பிடிக்கும் பட்டன் அப்படியே இருந்தது, தேயவே இல்லை. ஓடினால்தானே தேயும்! காற்றடித்து, நாலுக்கும் கறுப்புப் பாலிஷ் போட்டார். புது வண்டி மாதிரி மின்னியது. அன்று காலை நான் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, நாலு சக்கரத்திலும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். எனக்கு எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாது. ஒவ்வொரு பொட்டும் உள்ளங்கை அகலம் இருக்கும்.

புளியங்குடியில் வளையல் அடுக்கி முடித்து, எமகண்டம் கழிந்து கிளம்பினோம். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். அந்தப் புதனில் பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்கும், அதற்குள் வீடு சேர வேண்டும். சொந்தக்காரர்கள் முன்னாலேயே போய் ஆரத்தி கரைத்து வைத்துக் காத்திருந்தார்கள். வேனில் நாங்கள் மூன்று பேர்தான். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில், மகள் பின்னால் கட்டிலில்.

சேத்தூர் தாண்டியதும் அவர் பேச்சை நிறுத்தினார். ஓட்டும்போது வாய் ஓயாத மனிதர் அவர். என்னங்க என்றேன்.

"ஸ்டீரிங் கையில நிக்க மாட்டேங்குது. நடுங்குதுட்டி."

ராஜபாளையத்துக்குள் நுழைந்ததும் தென்காசி ரோட்டிலேயே ஒரு டயர் கடையில் நிறுத்தினார். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். விரலெல்லாம் கரி, நெற்றியில் தொழுது தொழுது காய்த்த தழும்பு. என் வீட்டுக்காரர் பாய் என்றுதான் கூப்பிட்டார், நானும் அப்படியே சொல்கிறேன். பாய் காற்றைப் பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு உட்கார்ந்து, துணியால் பாலிஷைத் துடைத்துக்கொண்டே டயரின் பக்கவாட்டைத் தடவினார். நான்கு எண்கள் இருந்த இடத்தில் விரல் நின்றது. அது டயர் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று காட்டும் எண்ணாம்.

"அண்ணாச்சி, இந்த டயருக்குப் பத்து வயசு முடிஞ்சுபோச்சு."

ஓடவே இல்லையே, பட்டனைப் பாருங்கள் என்று நான் ஜன்னல் வழியாகச் சொன்னேன்.

"பட்டனப் பாக்காதீங்கக்கா. ஓடுற வண்டி டயர் தேஞ்சு சாகும். நிக்கிற வண்டி டயர் காஞ்சு சாகும். அதுவும் இம்புட்டுப் பாரத்தத் தூக்கிக்கிட்டே நின்னுருக்கு."

இடது முன்சக்கரத்துக்கு வந்தார். முடி போல ஒரு வெடிப்பு ரப்பரில் ஓடி, நான் வைத்த பொட்டுக்கு அடியில் போய் மறைந்தது. பாய் கையை நீட்டினார். சந்தனத்துக்கு அரை அங்குலம் இருக்கும்போது கை நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, இதத் தொடச்சுப் பாக்கட்டுமா? உள்ள எம்புட்டு ஆழம் போயிருக்குன்னு தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. நிறைமாதத்தை நெருங்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு நல்ல காரியத்துக்குப் போகிறோம், வைத்த பொட்டை அழிப்பதா? "வேண்டாம், அதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன விதமும் சரியில்லை. கொஞ்சம் கத்தியே சொன்னேன். பாய் உடனே கையை எடுத்துக்கொண்டார்.

டயர் மாற்றுவதென்றால், இந்த அளவு தன்னிடம் இல்லை, வேறு கடையிலிருந்து எடுத்து வந்து மாட்ட ஒரு மணி நேரம் ஆகும் என்றார். நான் மணியைப் பார்த்தேன். பதினொன்று இருபது. இந்த ஆள் டயர் விற்கப் பார்க்கிறான் என்று என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன். பாய்க்கும் அது கேட்டிருக்கும். அவர் ஒரு அட்டையில் போன் நம்பரை எழுதி என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் வைத்தார்.

"நாப்பதுக்கு மேல போகாதீங்க அண்ணாச்சி. ஆட்டம் கூடுனா செத்த நேரம் கூட ஓட்டாதீங்க, ஓரங்கட்டிருங்க."

கிளம்பினோம். ஊரைத் தாண்டும் வரை மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். நல்ல நேரத்தில் வாயை வைக்கிறானே என்று. வெளியே சாலை காலியாகக் கிடந்தது, வெயில் தார் மேல் அலையடித்தது. மேற்கே மலை கூடவே வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். பின்னால் மகளின் வளையல்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. கிணிகிணி என்று நிற்காமல். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கட்டும் என்றுதானே கண்ணாடி வளையலாகப் பார்த்துப் போடுகிறோம், எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கையை ஆட்டாதே, வளையல் உடைந்துவிடப் போகிறது என்றேன்.

"நான் ஆட்டலம்மா. கைய நெஞ்சு மேல சும்மாத்தான் வச்சிருக்கேன்."

திரும்பிப் பார்த்தேன். அவள் கை அசையவில்லை. வளையல்கள் மட்டும் நடுங்கின. கட்டில் நடுங்கியது, தொட்டித் தண்ணீர் நடுங்கியது, அவள் வயிறு நடுங்கியது. அவரைப் பார்த்தேன். ஸ்டீரிங்கைப் பிடித்த கை விரல்கள் வெளுத்திருந்தன. இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர்தான் என்றார். எனக்குப் பதில் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியாது. மணி பதினொன்று நாற்பது. போய்விடலாம் என்று நானும் ஒரு நிமிடம் நினைத்தேன். வளையல் சத்தம் இன்னும் வேகமானது.

"நிப்பாட்டுங்க" என்று கத்தினேன்.

அவர் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். நான் முழங்கால் வலியையும் மறந்து இறங்கினேன். இடது முன்சக்கரத்தில் என் பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. காய்ந்த சந்தனத்தின் நடுவில் ஒரு கோடு, கோட்டின் இரண்டு பக்கமும் மேடு. அடியிலிருந்து ஏதோ முட்டிக்கொண்டு வருவது போல இருந்தது.

அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். இத்தனைக்குப் பிறகும் வரவில்லை. உள்ளே பிள்ளை படுத்திருக்கிறாள், நான் அவள் அம்மா, என் கையால் பொட்டை அழிக்க வேண்டும். கண்ணை மூடி, ஆண்டாளே மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு முந்தானையால் துடைத்தேன். திறந்து பார்த்தால் ரப்பர் கிழிந்து, உள்ளே இருக்கும் நூல் இழைகள் தெரிந்தன. அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். கை வைத்தால் சுட்டது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடம் மில்லில் மெஷின்களைப் பார்த்த மனிதர், ஒரு பாலிஷுக்கு ஏமாந்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஸ்டெப்னியை இறக்கினால் அது இதற்கு அண்ணன். வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. சட்டைப் பையில் இருந்த அட்டையை நான்தான் எடுத்தேன். போனில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அழுதேன் என்று மகள் சொல்கிறாள். பாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அது நினைவிருக்கிறது.

"பிள்ள நல்லா இருக்கால்லக்கா? வண்டிய அசைக்காதீங்க, வாரேன்."

பத்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று நினைத்தேன். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. ராகு காலம் தொடங்கிவிட்டது. ஆம்புலன்ஸா என்று முன்பு குதித்த நான், என் வீட்டுக்காரரிடம் ஆம்புலன்ஸ் நம்பரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் மகளிடம், வலிக்கிறதா, பிள்ளை அசைகிறதா என்று கேட்டேன். கேட்கிறதை நிறுத்தும்மா, எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் வாயை மூடினேன். பொட்டை அழித்த முந்தானை மஞ்சளும் கறுப்புமாக இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பாய் ஒரு லோடு ஆட்டோவில் இரண்டு டயரோடு வந்தார். ஏன் இத்தனை நேரம் என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவரே சொன்னார்.

"இந்த அளவுல கார் டயர் பக்கத்துக் கடையிலயே இருந்துச்சு. மாட்டுனா மாட்டிக்கிடும். ஆனா இது வண்டியா? வீடுல்ல! ஆளு இறங்குனாலும் கட்டிலும் தொட்டியும் இறங்காது. பாரம் தாங்குற டயர் ஒரு குடோன்ல கெடந்துச்சு, சாவி வாங்கி எடுத்துட்டு வர லேட்டாயிருச்சு. நம்பரப் பாத்துக்கோங்க, இந்த வருசத்து டயர்."

என்னைக் குனிந்து பார்க்கச் சொல்லி அந்த நான்கு எண்களைக் காட்டினார். ஜாக்கி வைக்கும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது என்று சொல்லி, மகளை இறங்க வைத்தார். மரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்து, பட்டுச்சேலையும் வளையலுமாக அவளைப் படுக்க வைத்தேன். பாய் அந்தப் பக்கமே திரும்பாமல் வேலை பார்த்தார். முன்சக்கரம் இரண்டையும் மாற்றினார், ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் வண்டி இழுக்குமாம். பின்னால் இரண்டையும் அந்த வாரமே மாற்றச் சொன்னார்.

வேலை முடிந்ததும் வளைகாப்புப் புளியோதரையைக் கொடுத்தோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், அப்போதே நீங்கள் என்னைத் திட்டியாவது துடைத்திருக்கலாமே என்றேன். என் தவறில் அவருக்கும் ஒரு பங்கு கொடுத்துவிடலாம் என்ற ஆசைதான்.

"எங்க வீட்டு வண்டியா இருந்தா கேக்காமத் தொடச்சிருப்பேன்க்கா. இது நீங்க சாமிய நெனச்சு வச்சது. நீங்க வேண்டாம்னதுக்குப் பொறவு நான் எப்படிக் கை வைக்க?" என்றவர், பிறகு சொன்னார்: "ஆனா நீங்க போனதுல இருந்து எனக்கு வேலை ஓடல. போனையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்தக் கை ஏன் அரை அங்குலத்தில் நின்றது என்று அப்போதுதான் புரிந்தது. அதே பொட்டைத் தொட எங்கள் தெரு மெக்கானிக் கேட்டிருந்தால் நான் அப்படிக் கத்தியிருப்பேனா? தெரியவில்லை. கத்தியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

ஒன்றரைக்குக் கிளம்பினோம். முப்பதில் போகச் சொல்லி, வீடு வரைக்கும் லோடு ஆட்டோவில் பின்னாலேயே வந்தார். வளையல்கள் பள்ளத்தில் ஒரு தடவை, வேகத்தடையில் ஒரு தடவை குலுங்கின, அவ்வளவுதான். ஆரத்தி எடுத்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் ஆட்டோவைக் காணவில்லை. மறுநாள்தான் என் வீட்டுக்காரர் கடைக்குப் போய்க் கணக்கை முடித்து வந்தார்.

பொட்டை அழித்துவிட்டோமே என்ற பயம் மட்டும் எனக்குப் போகவில்லை. பிரசவ அறைக்கு வெளியே பிள்ளை அழும் சத்தம் கேட்ட பிறகுதான் அது போயிற்று. இப்போது என் பேத்தி அந்த வேனின் கட்டிலில் ஏறிக் குதிக்கிறாள். நானும் வண்டி கிளம்பும்போதெல்லாம் பொட்டு வைக்கத்தான் செய்கிறேன், நாலு டயரையும் உட்கார்ந்து தடவிப் பார்த்துவிட்டு, ரப்பரில் படாமல், சக்கரத்தின் நடு மூடியில் சின்னதாக வைக்கிறேன். அன்று சாமிதான் காப்பாற்றியது என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. ஆனால் அந்தச் சாமி முதலில் டயர் கடை வாசலில் கரிக் கையோடு குனிந்து உட்கார்ந்து, தொடச்சுப் பாக்கட்டுமாக்கா என்று கேட்டது. வேண்டாம் என்று சொன்னது நான்தான்.