மாமனாரின் செருமல்

ஹாலிஃபாக்ஸ் பஸ் டிப்போவில் நார்மன் ஆக்ராய்டுக்குப் பாம்புச் செவி என்று பெயர். பஸ் இன்னும் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே, "பின் சக்கரத்துல பேரிங் போயிடுச்சு, நேரா பட்டறைக்கு அனுப்பு" என்பார். ஒரு தடவையும் தப்பியதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது காதையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். பாட்டு விஷயத்தில் அவருடைய காது மாதாமாதம் தபாலில் வந்தது. பளபளப்பான தாள், நடுப்பக்கத்தில் ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண். அந்தப் பத்திரிகை ஐந்து நட்சத்திரம் போட்டால் தேன், மூன்று போட்டால் தகர டப்பா.

இவர் ஒருவருக்கு மட்டும் பிடித்த பித்து என்றால் போகட்டும் என்று விடலாம். ஊரில் இதற்கென்று ஒரு சங்கமே இருந்தது. வியாழக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டு முன்னறையில் கூடுவார்கள். தலைவர் கிளிஃபர்ட் சக்டன், கம்பளக் கடைக்காரர். பாட்டு கேட்கும் அறையில் வேறு எந்த ஸ்பீக்கரும் இருக்கக்கூடாது, சும்மா கிடக்கிற ஸ்பீக்கரும் கூடவே அதிர்ந்து சத்தத்தைக் கெடுத்துவிடும் என்று பத்திரிகை ஒருமுறை எழுதியது. அன்றிலிருந்து டெலிபோனைக்கூடக் கழற்றி மாடிக்கு அனுப்பினார்கள். அலாரம் கூவுகிற கைக்கடிகாரங்களையெல்லாம் வாங்கி ரொட்டி டப்பாவில் போட்டுச் சமையலறையில் வைத்தார்கள். வயது வந்த ஆண்கள், கல்யாணம் ஆனவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

நார்மன் வீட்டில் பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் அவரும் மனைவி டொரீனும் சேர்ந்து செய்தது. அவர் பலகை அறுத்தார், அவள் வயர் பற்றவைத்தாள். அதில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தவறாமல் ஒரு ரெக்கார்டு ஓடும். கம்பள ஆலையின் பித்தளை வாத்தியக் குழு வாசித்தது. டொரீனின் அப்பா ஹெர்பர்ட் அதில் பெரிய குழல் ஊதினார். இரண்டாவது பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால் கிழவர் தொண்டையைச் செருமுவார். அது அப்படியே பதிவாகியிருந்தது. அவர் செத்துப்போன பிறகும் வாரம் தவறாமல் செருமினார். "வந்துட்டாரு அப்பா," என்று சொல்லிவிட்டு டொரீன் பாத்திரம் கழுவப் போவாள்.

அந்த மாதிரி ஸ்பீக்கர் பீரோவுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கும் என்று பத்திரிகை எழுதியது. போதாதா? ஐந்து நட்சத்திரம் வாங்கிய புது ஜோடி ஒன்று வீட்டுக்கு வந்தது, பழையது மாடிக்குப் போனது. முதல் ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டைப் போட்டார்கள். முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவது தொடங்கியது. நடுவில் கிழவரைக் காணோம்.

"புது ஸ்பீக்கர் பழகணும்னு போட்டிருக்கான்," என்றார் நார்மன்.

"மருமகள் மாதிரியா?" என்றாள் டொரீன்.

பழகட்டும் என்று, அவர் டிப்போவுக்குப் போயிருக்கும்போதும் அதைப் பாடவிட்டார். பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடப் பழகிவிட்டது. மாதங்கள் போயின. செருமல் மட்டும் திரும்பவில்லை. பத்திரிகை தப்பாக இருக்க முடியாது. ஸ்பீக்கரும் தப்பாக இருக்க முடியாது, ஐந்து நட்சத்திரம். அப்படியானால் மிச்சம் என்ன? நார்மன் தன் காது போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார். யாரிடமும் மூச்சு விடாமல் காது டாக்டரிடம் நாள் குறித்து, அந்தச் சீட்டைத் தொப்பியின் உள்மடிப்பில் செருகிக்கொண்டார். டிப்போவில் பஸ் வந்தால், "நீங்களே ஒரு தடவை பாத்துக்குங்கப்பா," என்று ஒதுங்க ஆரம்பித்தார். பாம்புச் செவிக்காரர் அப்படி ஒதுங்கி நின்றது பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை சங்கம் அவர் வீட்டில் கூடியது. பழைய ஜோடியைச் சக்டன் தன் கடைக்குக் கேட்டிருந்தார், அன்றே வேனில் எடுத்துப்போவதாகப் பேச்சு. அதனால் காலையிலேயே அதை மாடியிலிருந்து இறக்கிச் சமையலறையில் வைத்தாயிற்று. கண் காதை ஏமாற்றும், ஆகவே திரை கட்டிக் கேளுங்கள் என்று அந்த மாதப் பத்திரிகை சொல்லியிருந்ததால், புது ஜோடிக்கு முன்னால் கட்டில் விரிப்பு ஒன்றைக் கட்டிவிட்டு நார்மன் வேலைக்குப் போனார். மாலை வீடு திரும்பத் தாமதமாகிவிட்டது. வரும்போது எல்லோரும் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எந்நாளும் இல்லாத திருநாளாக டொரீனும் கதவோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தாள்.

"என்ன, நீயும் கேக்கப் போறியா?"

"ஏன், எனக்குக் காது இல்லையா?" என்றாள்.

காது என்ற சொல்லே அவருக்குச் சுருக்கென்றது. தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஆலைக் குழுவின் ரெக்கார்டை வைத்தார். சக்டன் பத்திரிகையைப் பிரித்து மூக்குக்கண்ணாடிக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

முதல் பாட்டு முடிந்தது. ஊசி கரகரத்தது. பிறகு, திரைக்குப் பின்னாலிருந்து ஹெர்பர்ட் கிழவர் தொண்டையைச் செருமினார்.

நார்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் காது போகவில்லை, போகவே இல்லை. எழுந்து கத்தலாம்போல் இருந்தது அவருக்கு.

"கேட்டீங்களா?" சக்டன் விரலை உயர்த்தினார். "செருமல். இதத்தான்யா எழுதியிருக்கான். 'ஒளிந்திருக்கும் நுணுக்கங்களைக் கையில் எடுத்துத் தருகிறது.' சாதாரண ஸ்பீக்கர்ல இது ஜென்மத்துக்கும் கேக்காது."

"ஜென்மத்துக்கும்," என்று சங்கம் ஆமோதித்தது.

டொரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானே டீ கொண்டாறேன்," என்று நார்மன் சமையலறைக்கு ஓடினார். அங்கே டீத்தட்டு, கேக், ரொட்டி டப்பா எல்லாம் இரண்டு உயரமான பெட்டிகளின் மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. ஐந்து நட்சத்திரப் பெட்டிகள். அவர் பார்த்தபடியே நின்றார். பின்னாலேயே டொரீன் வந்தாள்.

"கோவிச்சுக்காதே. சக்டன் தூக்கிட்டுப் போறதுக்குள்ள அப்பாவ கடைசியா ஒரு தடவை கேட்டுடலாம்னு மாத்திவச்சேன். ஊசிய வச்சதுமே நீ கண்டுபிடிச்சுக் கத்துவேன்னு நெனச்சேன். நீ பாட்டுக்கு அழுதுட்டு உக்காந்திருக்கே."

நார்மனுக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் தப்பும், ஆனால் இன்னும் சற்று நேரத்தில் சக்டனின் வேன் கிழவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். முன்னறைக்குப் போனார், விரிப்பைப் பிடித்து, தொப்பி கீழே விழ ஒரே இழுப்பாக இழுத்தார். அவர் அறுத்த பலகையும் அவள் வைத்த வயரும் எல்லோர் முகத்தையும் பார்த்தன.  ஒருவர் கடிகாரம் இல்லாத மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தார்.

சக்டன் மெல்ல எழுந்தார். ஸ்பீக்கர் பக்கம் திரும்பவே இல்லை. தரையில் கிடந்த விரிப்பை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"டொரீன், இது என்ன துணி?"

"குளிருக்குப் போடுற பஞ்சு விரிப்பு. சந்தையில வாங்கினது."

"எத்தனை தடவை துவைச்சிருப்பே?"

"யாருக்குத் தெரியும்? கல்யாணத்துலேருந்து கிடக்கு."

"அதானே பார்த்தேன்." சங்கத்தின் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷமா கம்பளம் விக்கிறவன் சொல்றேன். இது ஸ்பீக்கர் வேலை இல்ல. பழைய பஞ்சு, கரகரப்ப அப்படியே வடிகட்டுது. புதுத் துணியா இருந்தா செருமல் கேக்காது."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி அது. சங்கம் முழுக்க விரிப்பைச் சுற்றிக் கூடி ஆளுக்கொரு ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தது.

"கிளிஃபர்ட்," என்றார் நார்மன், "கடைக்கு அந்தப் புது ஜோடிய எடுத்துக்கோ. விரிப்பும் சேத்துத் தர்றேன்."

"விரிப்புமா?" சக்டன் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். "பெரிய மனசுய்யா உனக்கு."

எல்லோரும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். டொரீன் தரையில் கிடந்த தொப்பியை எடுத்து உதறினாள். சீட்டு விழுந்தது. எடுத்துப் படித்தாள்.

"காது டாக்டரா? இதுக்குத்தான் இத்தனை மாசமா பேயறைஞ்ச மாதிரி திரிஞ்சியா?"

"செருமல் கேக்கலையே டொரீன். என் காதுதான் போச்சுன்னு பயந்துட்டேன்."

"எனக்குந்தான் கேக்கலை."

நார்மன் நிமிர்ந்து பார்த்தார். "நீ சொல்லவே இல்லையே."

"நீ என்கிட்ட எங்கே கேட்டே?" என்றாள் டொரீன். "பத்திரிகைகிட்டல்ல கேட்டே."

நார்மன் அவள் கையிலிருந்த சீட்டை வாங்கிக் கிழித்துக் கணப்பில் போட்டார். பிறகு அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, ஊசியைத் தூக்கி ரெக்கார்டின் தொடக்கத்தில் வைத்தார்.