படிக்கட்டில் இரண்டு காலடி

என் தங்கை புருஷன் குத்துச்சண்டைக்காரர். சண்டைக்கு உடம்பைத் தயார் பண்ண எது நல்ல பயிற்சி என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றைக்குச் சோறு ஆறிப்போகும். கயிறு தாண்டுவது பிள்ளை விளையாட்டாம். எடை தூக்கினால் சதை பெருகுமாம், மூச்சு வளராதாம். மைதானத்தில் ஓடுகிறவன் களைத்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்வான், எதிராளி அப்படி விடமாட்டான். ஆகவே படிக்கட்டு. எங்கள் கட்டடத்தின் ஆறு மாடியையும், தோளில் மணல் பையோடு, யாரோ துரத்துவதாக நினைத்து ஏறவேண்டும்.

"பின்னால ஆள் வந்தா, கால் தானா ஓடும் மச்சான்."

"எனக்கு வீட்டுக்காரி இருக்கா மாப்பிள்ளை, தனியா வேற நினைக்கணுமா?" என்பேன்.

அதெல்லாம் நெட்டை என்கிற எதிராளியை அடிப்பதற்கு முன்பு. போட்டியின் கடைசிச் சுற்றில் மாப்பிள்ளை விட்ட குத்தில் விழுந்த நெட்டை, கண்ணே திறக்கவில்லை; உயிர் இருந்தது, நினைவில்லாமல் படுக்கையில் கிடந்தான். முறையான அடிதான், யாரும் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குத்தான் மனசு ஆறவில்லை. கையுறையைப் பரணில் போட்டுவிட்டு பார்சல் வண்டி ஓட்டப் போனார். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது படி ஏறுவதை மட்டும் விடவில்லை.

என் மிக்சி ரிப்பேர் கடை அந்தப் படிக்கட்டுக்கு அடியில். மதியத்தில் கட்டடம் வெறிச்சோடிக் கிடக்கும். ஒருநாள் மாப்பிள்ளையின் ஷூ சத்தத்துக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, வெறுங்காலில் யாரோ ஏறுவது கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் மட்டும்தான். பேய் என்றால் கேலி பேசுகிறவன் நான். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவிவிட்டது.

"உங்களுக்கும் கேக்குதா?" என்று இறங்கி வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அது நெட்டை மச்சான். நான் ஏறலைன்னா அன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல் ஏறுது. அவங்கம்மாகிட்ட தினமும் போன்ல கேக்கறேன். படுத்தே கிடக்கறவனுக்குக் கால் சூம்பவே இல்லைன்னு டாக்டரே முழிக்கறாராம். நான் நிறுத்தினா அவன் செத்துடுவான்."

முட்டி வீங்கியது. நிறுத்தச் சொல்லித் தங்கை அழுதாள். அவர் கேட்கவில்லை. நான்காம் மாடியில் ஒரு படி உடைந்திருந்தது. அதில்தான் கடைசியில் விழுந்தார். நான் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன், கால் ஊன்ற முடியவில்லை. "இனி யாரு ஏறுவா?" என்று கதறினார்.

அப்போது அந்த வெறுங்கால் சத்தம் எங்களைத் தாண்டியது. என் முழங்கையில் குளிர்ந்த காற்று பட்டது. ஐந்தாம் மாடி, ஆறாம் மாடி, பிறகு மொட்டைமாடிக் கதவு கிறீச்சிட்டது.

"போயிட்டான் மச்சான்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. நெட்டையின் அம்மா.

"தம்பி, கண்ணத் தொறந்துட்டான்பா!"

தேறியதும் நெட்டை அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். எங்கள் கட்டடத்தை அதுவரை பார்த்தே இராதவன், படிக்கட்டை நிமிர்ந்து பார்த்து, "நாலாம் மாடியில அந்த உடைஞ்ச படிய இன்னும் கட்டலையா அண்ணே?" என்றான். மாப்பிள்ளை அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"நீங்க முன்னால போனீங்க" என்றான் நெட்டை. "எனக்குப் பின்னால ஒருத்தர் வந்துட்டே இருந்தாரு. நீங்க விழுந்ததும் ரொம்பக் கிட்ட வந்துட்டாரு. அதான் உங்களத் தாண்டி ஓடினேன்."

"அந்த ஆள் என்ன ஆனாரு?" என்று கேட்டேன்.

"தெரியல அண்ணே. நான் திரும்பிப் பாக்கல."

டீ போட மேலே போயிருந்த என் தங்கை இறங்கி வரும் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் காது கொடுத்தோம். ஒரே ஆளின் காலடிதான், அவள் செருப்புதான், பின்னால் வேறு சத்தம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.