அண்ணன் கேட்டது தேதி மட்டும்

எங்கள் தெருமுனை சலூன்காரரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தாறு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி. மகன் வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டித் தரப்போகிறான் என்று அவர் சொல்லாத நாள் கிடையாது.

அன்று என் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, காதருகே குனிந்து ஒரு சீட்டை நீட்டினார். "தம்பி, கோர்ட்டு கேஸ் தேதியை போன்லயே பார்க்கலாமாமே?"

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் குரல் தானாக ஏறியது. "இதுக்கா மாசாமாசம் கடையைச் சாத்திட்டு அலையுறீங்க? ரெண்டு நிமிஷ வேலைண்ணே."

காத்திருந்த மூன்று பேரில் ஒருவரான கொத்தனார் சிரித்தார். "அப்படியே அந்த போன்ல என் முடியையும் வெட்டிவிடுப்பா, வேலைக்கு நேரமாச்சு."

அண்ணன் வெட்டத் தொடங்கினார். நான் வழக்கு எண்ணைத் தட்டி, ஆங்கிலத்தில் வந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன். "வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்கு. எதிர்த்தரப்பு நீங்க. போட்டது..." அவர் மகனின் பெயரையும் வாசித்துவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

கத்தரிக்கோல் நின்றது. கொத்தனார் அவசரமாகச் செய்தித்தாளைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"தேதி மட்டும்தானே தம்பி கேட்டேன்" என்றார் அண்ணன், மெதுவாக.

"பதினேழு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி வெட்டினார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க நேருமே என்று, முடிக்கும்வரை நான் நிமிரவில்லை.