ரீடிங்காரின் சோலார் ஆராய்ச்சி

என் அக்காவின் கணவரைத் தெருவில் 'ரீடிங்கார்' என்பார்கள். முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுத்தவர். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் மிதப்பு இறங்கவில்லை. சட்டைப்பையில் பேனா, கையில் நோட்டு. யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்பார். உலகத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டு இருப்பது.

வீட்டின் பின்னறையில் அக்காவுக்கு ஆறு தையல் மிஷின்கள். பள்ளிச் சீருடை தைக்கிறோம்; பொத்தானுக்குக் காஜா எடுப்பது நான். மத்தியானமானால் கரண்ட் போய்விடும். டீசல் ஜெனரேட்டரை ஜன்னலுக்கு வெளியே ஓடவிட்டால் புகை பூராவும் உள்ளே வரும். அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. "இந்தப் புகையிலயே உட்கார்ந்திருந்தா நுரையீரல் போயிடும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேட்டரியோடு சோலார் போடலாமே என்று அக்கா கேட்டாள்.

அத்தான் சிரித்தார். "ஒரு சோலார் பலகை செய்ய எழுநூறு யூனிட் ஆகுதாம், படிச்சேன். அத்தனையும் நிலக்கரி எரிச்ச கரண்ட். அதைத் திருப்பித் தர்றதுக்குள்ள பலகையே செத்துடும். பூமியைக் காப்பாத்துறாங்களாம், பூமியை! இரு, நான் அளந்து காட்டுறேன்."

ஒரே ஒரு பலகையை மாடியில் மாட்டி, அதற்கென்று தனியாகப் புது மீட்டரும் வைத்தார். மாடிச் சாவி அவர் இடுப்பில். முதல் தேதி காலையில் ஏதோ பதவியேற்கப் போகிறவர் மாதிரி படியேறி, ரீடிங் எடுத்துக்கொண்டு இறங்குவார். இந்தக் கூத்து ஒரு வருடம் நடந்தது. அந்த வருடம் முழுக்க அக்கா புகையில் இருமிக்கொண்டே தைத்தாள்.

வருடம் முடிந்ததும் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லித் தீர்ப்பு வாசித்தார். "மொத்தம் அம்பத்தெட்டு யூனிட். எழுநூறைத் திருப்ப பன்னிரண்டு வருஷம். பேட்டரி, கப்பல்ல ஏத்தி வந்தது எல்லாம் சேர்த்தா இருபத்தஞ்சு. பலகையோட ஆயுசே அவ்வளவுதான். போதுமா?"

அக்கா சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மீட்டரில் 584 என்று இருந்தது.

வீடுகளில் இருந்த பழைய மீட்டர்களில் கடைசி எண் சிவப்பாக இருக்கும். அது புள்ளிக்குப் பின்னால் வருவது, எழுதக் கூடாது. இந்த மீட்டரில் சிவப்பும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆனாலும் நம் மேதாவி பழக்க தோஷத்தில் பன்னிரண்டு மாதமும் கடைசி எண்ணை முழுங்கியிருக்கிறார்; 584 அம்பத்தெட்டாகிவிட்டது. அந்தப் பலகை பட்ட எழுநூறு யூனிட் கடனை ஒன்றேகால் வருடத்தில் அடைத்துவிடும். பேட்டரிக்கும் கப்பலுக்கும் இன்னும் கொஞ்ச காலம் ஆகட்டுமே, அதற்கப்புறம் எத்தனை வருடம் உழைக்கப்போகிறது!

கீழே வந்து சொன்னோம். அத்தான் தடதடவென்று மாடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். "மீட்டர்ல கோளாறு. இன்னும் ஒரு வருஷம் பார்த்துடலாம்" என்றார். வெட்கம் கெட்ட மனிதர்.

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள், இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி ஓய்ந்தபின் கேட்டாள்: "இந்த ஒரு வருஷத்துல எவ்வளவு டீசல் எரிஞ்சுதுன்னு எழுதி வச்சிருக்கீங்களா?"

அத்தான் நோட்டைப் புரட்டினார். அக்கா சோலார் போடுகிறவருக்கு போன் செய்து, என்றைக்கு வருவார் என்று பேசி முடித்துவிட்டாள். அத்தான் அப்போதும் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தார்.