அடித்தண்ணியின் சூடு

பெட்டியைத் திறந்தால் இறால் பாதி, கொட் மீன் பாதி. நாங்கள் கேட்டது முழுக்க இறால். தொண்ணூறுகளின் தொடக்கம், லண்டனில் கிங்ஸ்பரிக்குப் பக்கத்தில் எங்கள் மீன் கோல்ட் ஸ்டோர். ஆர்டர் எடுப்பதும் டெலிபோனில் கத்துவதும் என் வேலை. முதலாளி செல்வராசா அண்ணை யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடலில் வளர்ந்தவர்.

ஆர்க்டிக்கில், மலைகளுக்கு நடுவே கடல் உள்நுழைந்த ஒரு ஃபியோர்ட்டில் இருந்து யோஹான் என்ற நோர்வேக்காரர் எங்களுக்கு இறால் பிடித்து அனுப்புவார். சொல் பிசகாத மனிசன். அந்த வருசம் லோட்டுக்கு லோட்டு இறால் குறைந்து கொட் கூடியது.

போன் எடுத்துக் கேட்டேன்.

"அடியிலை தண்ணி சூடாகிட்டுது," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "தெற்கிலயிருந்து வாற நீரோட்டம் உள்ளுக்குப் புகுந்திட்டுது. உப்புக் கூடின தண்ணி, பாரம். மேல ஐஸோட நிக்கிற குளிர்தண்ணிக்குக் கீழ போய்ப் படுத்திட்டுது. இறாலுக்குக் குளிர் வேணும். சூட்டோட வந்த கொட் மிச்சத்தையும் தின்னுது. ஒரு சீசன் பொறுங்கோ, வேற இடம் பாக்கிறன். ஆர்டர் நிண்டால் படகை விக்கத்தான் வேணும்."

அண்ணையிடம் சொன்னேன். துள்ளிக் குதித்தார்.

"ஆருக்குக் காது குத்துறான்? மேல ஐஸ் மிதக்குதாம், கீழ சூடாம்! நான் சின்னனிலை இருந்து கடலடிக்குச் சுழியோடினவன் பிள்ளை. கீழ போகப் போகக் குளிர்தான். இறாலை வேற ஆருக்கோ விக்கிறான். நிப்பாட்டு!"

"அண்ணை, அது வேற கடலெல்லோ?"

"எல்லாம் கடல்தான்!"

நான் வாய்க்காரிதான். ஆனால் மயிலிட்டிக்காரரோடு கடலைப் பற்றி வாதாட ஏலுமா? நிப்பாட்டினோம். யோஹான் "சரி" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வருசம் ஐஸ் உடைகிற நேரம், புது ஆள் தேடி அண்ணை அதே ஃபியோர்ட்டுக்குப் போனார். கடலை அளக்க வந்த ஆராய்ச்சிக்காரரின் படகில் ஏறி, அடித்தண்ணி அள்ளுகிற குழாயை இறக்கச் சொல்லிப் பார்த்தாராம். திரும்பி வந்து ஜாக்கெட்டைக் கழற்றாமலே என் மேசைக்கு முன்னால் இருந்தார்.

"பிள்ளை, அவன் பொய் சொல்லேல்லை. மேல்தண்ணி விரலை வெட்டுது. அடித்தண்ணியிலை கையை வைச்சுக்கொண்டிருக்கலாம். அவனுக்குப் போன் போடு. நான் மன்னிப்புக் கேக்கவேணும்."

யோஹானின் மனைவி எடுத்தா. படகை அந்த மாரிக்குளிரிலேயே வித்தாச்சாம். இப்போது கரையில், மீன் பாக்டரியில் ஷிப்ட் வேலையாம்.

"பக்கத்திலைதான் இருக்கிறார். லண்டன் எண்டு சொன்னன். பேச மாட்டாராம்."

அண்ணை ரிசீவருக்காகக் கையை நீட்டியபடியே நின்றார். அந்தக் கை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இந்த யாவாரத்துக்கு வருகிற பிள்ளையளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தண்ணிக்குப் பக்கத்தில் நிற்கிறவன் ஒன்று சொன்னால், போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கோ. நாங்கள் முடிவெடுத்துவிட்டுப் போய்ப் பார்த்தோம்.